வலி மாத்திரைப் பழக்கம்: எப்படிப் பிடிக்கிறது, எப்படி விடுவிப்பது

மருந்துக் கடையில் வலிக்கென்று வாங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் அடிமையாவதில்லை. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஆனால் இவற்றை நிறுத்தினால் உடம்பு உதறுவதில்லை, இன்னொன்று வேண்டும் என்று மனம் அலைவதும் இல்லை. அந்தச் சிக்கல் ஓபியாய்டு என்ற வேறொரு மருந்துக் குடும்பத்துக்கு உரியது.

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து நேரடியாகக் கிடைப்பவை மார்ஃபினும் கோடீனும். அவற்றைப் போலவே வேலை செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டவை டிரமடால், டேபென்டடால், பென்டசோசின், ஃபென்டனில், ஆக்ஸிகோடோன் முதலியவை. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அதிகம் தென்படுபவை டிரமடாலும் டேபென்டடாலும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, எலும்பு முறிவுக்கு, தீராத முதுகுவலிக்கு எழுதித் தருவார்கள். அட்டையில் பிராண்ட் பெயர் பெரிதாகவும் உண்மையான மருந்தின் பெயர் பொடி எழுத்திலும் இருப்பதால், தான் சாப்பிடுவது ஓபியாய்டு என்பதே பலருக்குத் தெரியாது. டிரமடால் 37.5 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்த கலவை மாத்திரை ஒன்று உண்டு. பழக்கம் முற்றி ஒருவர் அதில் நாளுக்குப் பன்னிரண்டு போடுகிறார் என்றால், டிரமடாலோடு 3,900 மி.கி. பாராசிட்டமாலும் உள்ளே போகிறது. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் வரம்பு 4,000 மி.கி.தான். இப்படிப்பட்டவருக்கு மூளைக்கு முன் கல்லீரல் கைவிரிப்பதும் உண்டு.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில், 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 0.96 சதவீதம் பேர் மருந்துவகை ஓபியாய்டுகளைப் போதைக்காகப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. ஹெராயின் 1.14 சதவீதம். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை என்பதைக் கவனியுங்கள். 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டு போலீஸ் பறிமுதல் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டேபென்டடால். ஒரு மாத்திரையைப் பூட்டினால் அதன் பங்காளி அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது.

உடம்புக்குள் நடப்பது

மூளையிலும் முதுகுத் தண்டிலும் குடலிலும் "மியூ" என்ற ஏற்பிகள் இருக்கின்றன. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்கள் வந்து அமர்வதற்கான இடங்கள் அவை. ஓபியாய்டு அங்கே போய் அமரும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன: வலிச் செய்தி மங்குகிறது, மனசு லேசாகிறது, மூச்சு மெதுவாகிறது. குடல் அசைவு குறைந்து மலச்சிக்கல் வருவதும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவதும் இதன் கூடுதல் விளைவுகள்.

சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பு சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. ஏற்பிகள் மந்தமாகின்றன, அதே அளவு மருந்து முன்போல் வேலை செய்வதில்லை. இதைத் தாங்குதிறன் என்கிறோம். ஆனால் எல்லா விளைவுகளிலும் அது ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இன்பத்துக்கும் வலி நிவாரணத்துக்கும் சீக்கிரம் வளர்கிறது, மூச்சு அடங்குவதற்குப் பின்தங்கி வளர்கிறது, மலச்சிக்கலுக்கு ஏறக்குறைய வளர்வதே இல்லை. பழைய "அந்த உணர்வு" கிடைக்க வேண்டுமென்று ஒருவர் அளவைக் கூட்டிக்கொண்டே போகும்போது, மூச்சு நிற்கும் அளவுக்கும் அவர் சாப்பிடும் அளவுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. மரணங்களின் கணக்கு இங்கேதான் இருக்கிறது.

நிறுத்தினால் ஏன் அத்தனை அவஸ்தை? மூளைத் தண்டில் நோரட்ரினலின் சுரக்கும் சின்ன நரம்புக் கூட்டம் ஒன்று உண்டு. ஓபியாய்டு அதை அமுக்கி வைக்கிறது. அதை மீறி வேலை செய்ய அந்தக் கூட்டம் தன் முடுக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மருந்து இல்லையென்றால் அந்த முடுக்கம் முழுவதும் கட்டவிழ்கிறது. விலகல் அறிகுறிகள் என்பவை இவைதான்: நாடி துடிக்கும், வியர்த்துக் கொட்டும், கண்மணி விரியும், மயிர்க்கூச்செறியும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும், கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும். அதுவரை அடங்கியிருந்த குடல் வயிற்றுப்போக்காகவும் பிடிப்பாகவும் பழிதீர்க்கும். கால் எலும்புக்குள் யாரோ குடைவதுபோல் இருக்கும், தூக்கம் அண்டாது. குறுகிய நேரம் வேலை செய்யும் மருந்துகளில் கடைசி மாத்திரைக்குப் பிறகு 8 முதல் 24 மணி நேரத்தில் இது தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம் தொடும், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். ஆரோக்கியமானவருக்கு இதனால் உயிராபத்து அரிது. வாந்தி, பேதியில் உடம்பு நீர் வற்றிப்போவதுதான் ஆபத்து. அதைக் கவனித்தால் போதும்.

டிரமடாலுக்கு மட்டும் சில தனிக் குணங்கள் உண்டு. அது ஓபியாய்டாக இருப்பதோடு, மனச்சோர்வு மருந்துகளைப் போலச் செரட்டோனின், நோரட்ரினலின் அளவுகளையும் கூட்டுகிறது. ஆகவே அதை நிறுத்தும்போது சிலருக்கு வழக்கமான அறிகுறிகளோடு கடும் பதற்றம், கை கால் மின்சாரம் பாய்ந்ததுபோல் கூசுவது, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது என்று வருகிறது. குடும்பத்தார் பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். நாளுக்கு 400 மி.கி.யைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயமும் ஏறுகிறது. வலிப்பு நோய் உள்ளவருக்கோ, மனச்சோர்வு மாத்திரை கூடவே சாப்பிடுபவருக்கோ அதற்குக் குறைவான அளவிலும் வரலாம். முதல் முறையாக வலிப்பு வந்து அவசரப் பிரிவுக்கு வரும் இளைஞரிடம் "டிரமடால் சாப்பிடுகிறாயா?" என்று கேட்பது ஒரு ஸ்கேனுக்கு நிகரான பயன் தரும் கேள்வி.

ஊசி வழியாகப் போகும்போது கதை வேறாகிவிடுகிறது. மாத்திரை என்பது முழுக்க மருந்து அல்ல. மாவு, டால்க், செல்லுலோஸ் போன்ற கரையாத நிரப்பிகள்தான் அதில் அதிகம். வயிற்றுக்குப் போனால் அவை வெளியேறிவிடும். ரத்தக் குழாய்க்குள் போனால் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் சிக்கி நிரந்தரத் தழும்பாகின்றன. கையில் சீழ்க்கட்டி, இதய வால்வில் கிருமித் தொற்று, ஊசியைப் பகிர்வதால் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. எல்லாம் கூடவே வரும். பென்டசோசின் ஊசி பல முறை போட்ட தசை மரக்கட்டைபோல் இறுகி, மேலே ஆறாத புண் வைக்கும். மருத்துவமனையில் வேலை செய்பவர்களிடம் இந்தப் பழக்கத்தை அந்தத் தொடைத் தழும்பை வைத்தே கண்டுகொள்வதுண்டு.

சார்ந்திருப்பது வேறு, அடிமையாவது வேறு

இந்த வேறுபாடு புரியாததால் இரண்டு பக்கமும் அநியாயம் நடக்கிறது. புற்றுநோய் முற்றிய ஒருவர் மூன்று மாதமாக மார்ஃபின் சாப்பிடுகிறார். ஒரு நாள் தவறினால் அவருக்கு வியர்க்கும், வயிறு போகும். அது உடல் சார்பு. மருந்து அவர் வாழ்க்கையைத் தாங்கிப் பிடிக்கிறது. அவர் அடிமை அல்ல. "பழகிவிடும்" என்று பயந்து அவருக்கு மார்ஃபினை மறுப்பது கொடுமை. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபின் பயிராகிறது. அப்படியிருந்தும் நம் நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது பல காலம் குதிரைக்கொம்பாக இருந்தது. உரிமக் கெடுபிடிகளைத் தளர்த்த 2014இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

அடிமைத்தனம் என்பது கட்டுப்பாடு கைவிட்டுப் போவது. எண்ணியதைவிட அதிகம் சாப்பிடுவது, குறைக்க முயன்று தோற்பது, மாத்திரை தேடுவதிலேயே நாள் கழிவது, வேலையும் வீடும் கெடுவது தெரிந்தும் நிறுத்த முடியாமல் போவது. மனநல மருத்துவர்கள் 2013 முதல் பயன்படுத்தும் அளவுகோலில் இப்படிப் பதினொரு அடையாளங்கள் இருக்கின்றன. ஓராண்டுக்குள் இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கைந்து இருந்தால் நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கடுமையானது. மருத்துவர் சொன்னபடி சாப்பிடுபவரிடம் தாங்குதிறனையும் விலகல் அறிகுறியையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதிலேயே தெளிவாக இருக்கிறது.

எங்கே வழுக்குகிறது என்பதையும் பார்த்துவிடலாம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று, முதல் முறையாக ஓபியாய்டு எழுதித் தரப்பட்ட, புற்றுநோய் இல்லாத ஏறத்தாழ 13 லட்சம் பேரைப் பின்தொடர்ந்தது. குறைந்தது ஒரு நாள் மருந்து வாங்கியவர்களில் ஓராண்டு கழித்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 6 சதவீதம். முதல் சீட்டிலேயே எட்டு நாளோ அதற்கு மேலோ எழுதப்பட்டவர்களில் 13.5 சதவீதம். 31 நாளோ மேலோ என்றால் 29.9 சதவீதம். கடும் வலி உள்ளவருக்கே நீண்ட சீட்டு எழுதப்பட்டிருக்கலாம் என்பது உண்மைதான். என்றாலும் முதல் சீட்டின் நீளம் கவனிக்க வேண்டிய விஷயம் என்பதில் சந்தேகமில்லை. பல் பிடுங்கியதற்கோ சின்ன அறுவை சிகிச்சைக்கோ மூன்று நாளுக்கு மேல் ஓபியாய்டு தேவைப்படுவது அபூர்வம்.

நம் ஊரில் வழுக்கும் இடம் பெரும்பாலும் பழைய சீட்டு. ஐந்து நாளைக்கு எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் மாத்திரை வாங்குவது நடக்கிறது. கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் சீட்டுகூடத் தேவைப்படாது. இடையில் ஒரு வேளை மாத்திரை தவறினால் உடம்பு வலிக்கும். அந்த வலியில் பாதி விலகல் அறிகுறி. ஆனால் "முதுகுவலி திரும்பிவிட்டது" என்றே தோன்றும். மாத்திரை போட்டதும் சரியாகிவிடுவதால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படும். சிலருக்கு நீண்ட நாள் ஓபியாய்டே நரம்புகளின் வலி உணர்வைக் கூட்டிவிடுவதும் உண்டு. அளவைக் கூட்டக் கூட வலி பரவுகிறது என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

வெவ்வேறு மாத்திரைகளை ஒரே தராசில் நிறுக்க மருத்துவர்கள் மார்ஃபினை அலகாக வைத்துக்கொள்கிறார்கள். டிரமடாலின் மி.கி. அளவை 0.2ஆலும், டேபென்டடாலை 0.4ஆலும், கோடீனை 0.15ஆலும், ஆக்ஸிகோடோனை 1.5ஆலும் பெருக்க வேண்டும். 50 மி.கி. டிரமடால் நாளுக்கு எட்டு என்றால் 400 மி.கி.; அதை 0.2ஆல் பெருக்கினால் 80 மி.கி. மார்ஃபினுக்குச் சமம். ஒரு நாளைக்கு 50ஐ நெருங்கும்போதே மருத்துவர் நின்று யோசிக்க வேண்டும். இது அபாயத்தை அளக்கும் கணக்கு மட்டுமே. ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொன்றைத் தானே மாற்றிக்கொள்ள இதைப் பயன்படுத்தினால் விபரீதமாகும்.

அமெரிக்கா பட்ட பாடு

1996இல் பர்டியூ ஃபார்மா நிறுவனம் ஆக்ஸிகோன்டின் என்ற மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆக்ஸிகோடோன் மெல்லக் கசியும்படி செய்த மாத்திரை அது. அதனால் போதைக்குப் பயன்படுவது குறைவு என்று சொல்லி விற்றார்கள். ஓபியாய்டுக்கு நோயாளிகள் அடிமையாவது அரிது என்பதற்கு அந்தக் காலத்தில் மேற்கோள் காட்டப்பட்டது 1980இல் மருத்துவ இதழொன்றில் வந்த ஐந்து வரிக் கடிதம். மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்றது அது. அவர்கள் படுக்கையில், கண்காணிப்பில் மருந்து பெற்றவர்கள். வீட்டுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொண்டுபோனவர்கள் அல்ல. இந்த வித்தியாசத்தைப் படித்தவர்களே கவனிக்கவில்லை. 2007இல் பர்டியூ குழுமம் இப்படித் தவறாகச் சொல்லி விற்ற குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2010இல் மாத்திரையை நொறுக்க முடியாதபடி மாற்றினார்கள். ஏற்கனவே அடிமையானவர்களுக்குச் சிகிச்சை போதிய அளவில் இல்லை. மாத்திரை கிடைக்காதவர்கள் ஹெராயினுக்கும், பிறகு கள்ள ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021இல் மட்டும் ஓபியாய்டால் அங்கே இறந்தவர்கள் 80,000 பேருக்கு மேல். சிகிச்சையை விரிக்காமல் மாத்திரையை மட்டும் இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

சிகிச்சை என்றால் எது?

நம் ஊரில் "டீடாக்ஸ்" செய்வதைத்தான் சிகிச்சை என்று நினைக்கிறார்கள். பத்து நாள் உள்ளே வைத்து உடம்பைச் சுத்தம் செய்து, அறிவுரை சொல்லி அனுப்பினால் முடிந்தது என்று எண்ணம். ஓபியாய்டைப் பொறுத்தவரை இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பத்து நாளில் தாங்குதிறன் சரிந்துவிடுகிறது, ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. வெளியே வந்தவர் பழைய அளவை ஒருமுறை எடுத்தாலே மூச்சு நின்றுவிடலாம்.

சுவீடனில் 2003இல் வெளியான ஓர் ஆய்வை இதற்காகவே அறிந்துவைத்திருக்க வேண்டும். ஹெராயினுக்கு அடிமையான நாற்பது பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஓராண்டு முழுக்கத் தினமும் பியூப்ரினார்ஃபின். மறுபாதிக்கு அதே மருந்தை ஆறு நாளில் குறைத்து நிறுத்தி, பிறகு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. கவுன்சலிங் இரு தரப்புக்கும் ஒரேபோல. ஆண்டு முடிவில் முதல் குழுவில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாம் குழுவில் ஒருவரும் இல்லை. இருபது பேரில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். பேச்சும் ஆறுதலும் இருவருக்கும் கிடைத்தது. வித்தியாசம் மருந்தில்தான் இருந்தது.

பியூப்ரினார்ஃபினும் ஓர் ஓபியாய்டுதான். பிறகு எப்படி அது மருந்தாகிறது? பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப்போல அது ஏற்பியில் அழுத்தமாக உட்கார்ந்துகொள்ளும். வேறு ஓபியாய்டு வந்தாலும் எழுந்திருக்காது. ஆனால் அந்த இடத்தில் அது பாதி வேலைதான் செய்யும். விலகல் அறிகுறியும் ஏக்கமும் அடங்கும் அளவுக்கு அது போதும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் மூச்சு அதற்கேற்ப அடங்கிக்கொண்டே போவதில்லை. ஒரு நாளுக்கு மேல் தங்குவதால் காலையில் ஏறி மாலையில் இறங்கும் ஊசலாட்டமும் இல்லை. தனியாகவும் கிடைக்கும், ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து 2 மி.கி.க்கு 0.5 மி.கி. சேர்ந்தும் கிடைக்கும். நாக்கின் அடியில் வைத்தால் நலாக்சோன் பெரிதாக உள்ளே போகாது. கரைத்து ஊசியில் ஏற்றினால் அது வேலையைக் காட்டும், அதற்காகத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

தொடங்கும் விதத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஏற்பிகளில் டேபென்டடாலோ ஹெராயினோ நிறைந்திருக்கும்போது பியூப்ரினார்ஃபின் கொடுத்தால், முழு வேலை செய்பவற்றைத் தள்ளிவிட்டுப் பாதி வேலை செய்வது உட்காரும். அரை மணியில் கடும் விலகல் அறிகுறி வெடிக்கும். நோயாளி "இந்த மருந்தே வேண்டாம்" என்று ஓடிப்போவார். ஆகவே கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். மெத்தடோன் என்ற, உடம்பில் நீண்ட நேரம் தங்கும் ஓபியாய்டைச் சாப்பிட்டவருக்கு இன்னும் நீண்ட நேரம். கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி, கொட்டாவி, மயிர்க்கூச்சு, மூக்கொழுகல், கை நடுக்கம் எனப் பதினொன்றுக்கு மதிப்பெண் போடும் பட்டியல் இருக்கிறது. 5 முதல் 12 லேசானது, 13 முதல் 24 நடுத்தரம். பொதுவாக எட்டு, பத்தைத் தாண்டிய பிறகு 2 அல்லது 4 மி.கி. கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்து, தேவையென்றால் மறுபடி 2 அல்லது 4. முதல் நாள் 8 மி.கி.க்குள் நிறுத்துவது வழக்கம். அடுத்த சில நாட்களில் ஏக்கம் அடங்கும் வரை கூட்டுவார்கள். பலருக்கு 8 முதல் 16 மி.கி.க்குள் நிலைபெறும், டிரமடால் மட்டும் எடுத்தவருக்கு அதைவிடக் குறைவே போதலாம்.

மாத்திரை நாக்கின் அடியிலேயே முழுவதும் கரைய வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். "மருந்து பிடிக்கவில்லை" என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் விழுங்குபவர்கள். கரைந்த பிறகு ஒரு மடக்குத் தண்ணீரால் வாயைச் சுழற்றி விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்க வேண்டும். இந்த மருந்தால் பல் சொத்தை வருவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் பியூப்ரினார்ஃபினின் பாதுகாப்பு வரம்பு உடைந்துவிடும். டையசெபாம், அல்பிரசோலம் சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மாற்றுச் சிகிச்சை மையங்களில் இந்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. செவிலியர் முன்னிலையில் மாத்திரையைப் பொடித்து நாக்கின் அடியில் போட்டு, கரையும் வரை பார்த்திருப்பார்கள். தினமும் போய் வருவது வேலைக்குப் போகிறவருக்குச் சுமைதான். நிலைபெற்றவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஏற்பாடு எவ்வளவு பரவலாகிறதோ அவ்வளவுக்கு ஆட்கள் தங்குவார்கள் என்பது எங்கள் கருத்து.

மெத்தடோன் முழு வேலை செய்யும் ஓபியாய்டு. நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 1965இல் இந்த முறையை வெளியிட்டார்கள். முதல் நாள் 30 மி.கி.க்கு மேல் போகாமல் மெல்ல ஏற்ற வேண்டும், ஏனென்றால் அது உடம்பில் நாள்பட நாள்படச் சேரும். முதல் வாரங்களில் அவசரப்பட்டால் மரணம் நேரும். இ.சி.ஜி. பார்ப்பதும் அவசியம். இந்தியாவில் மிகச் சில மையங்களில் மட்டுமே இருக்கிறது.

நால்ட்ரெக்ஸோன் நேர் எதிர்வகை. ஏற்பியை அடைத்துவிடும், எந்த வேலையும் செய்யாது. நாளுக்கு 50 மி.கி. அதைத் தொடங்க ஏழு முதல் பத்து நாள் எந்த ஓபியாய்டும் உடம்பில் இருக்கக் கூடாது. அந்தப் பத்து நாளைத் தாண்டுவதே பலருக்கு முடிவதில்லை. போதை இல்லாத மருந்து என்பதால் குடும்பங்கள் இதைத்தான் விரும்பிக் கேட்கின்றன. தினமும் கையில் கொடுத்து விழுங்கவைக்க அக்கறையான ஒருவர் வீட்டில் இருந்தால், நோயாளிக்கும் உந்துதல் இருந்தால் பலன் உண்டு. இல்லையென்றால் நான்காம் நாளே நின்றுவிடும். அப்போது தாங்குதிறன் சுழியம் என்பதை மறக்கக் கூடாது.

விலகல் அறிகுறிகளுக்கு மட்டும் குளோனிடின் 0.1 மி.கி. கொடுப்பதுண்டு, மேலே சொன்ன நோரட்ரினலின் முடுக்கத்தை அது தணிக்கும். ரத்த அழுத்தம் இறங்குவதால் ஒவ்வொரு வேளைக்கும் முன் அழுத்தம் பார்க்க வேண்டும். கூடவே வயிற்றுப்போக்குக்கு லோபெரமைடு, உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென், உப்புச் சர்க்கரைக் கரைசல். இது பத்து நாளைக் கடத்தும் உதவி மட்டுமே.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று கேட்காத குடும்பமே இல்லை. நிலையான அளவில் பியூப்ரினார்ஃபின் சாப்பிடுபவர் வண்டி ஓட்டுகிறார், வேலைக்குப் போகிறார், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார். மேலே பார்த்த அடையாளங்களில் உடல் சார்பு மட்டும் மீந்திருக்கும், மற்றவை விலகிவிடும். 2017இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குப் பதினொருவர் இறந்தார்கள். விட்டவர்களில் முப்பத்தாறு பேர். எத்தனை காலம் சாப்பிட வேண்டும் என்றால், ஓராண்டுக்கு முன் குறைக்கப் பேசவே கூடாது. பலருக்குப் பல ஆண்டுகள். விட்ட முதல் நான்கு வாரங்கள்தான் ஆபத்து மிகுந்த நாட்கள்.

கர்ப்பிணிக்குத் திடீரென்று நிறுத்தவே கூடாது. பியூப்ரினார்ஃபின் அல்லது மெத்தடோனில் நிலைப்படுத்திப் பிரசவம் பார்ப்பதே முறை. குழந்தைக்கு விலகல் அறிகுறி வந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

அடிமையாகாமல் சார்ந்து மட்டும் இருப்பவர்

இரண்டு வருடமாக முதுகுவலிக்கு டிரமடால் சாப்பிடும் அம்மாவுக்கு மறுவாழ்வு மையம் தேவையில்லை. மெல்லக் குறைத்தால் போதும். ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவர் மாதத்துக்குப் பத்து சதவீதம், சில வாரங்களோ மாதங்களோ மட்டும் சாப்பிட்டவர் வாரத்துக்குப் பத்து சதவீதம் என்பது பொதுவான வேகம். அறிகுறி தாங்கவில்லை என்றால் அந்த அளவிலேயே சில வாரம் நிற்கலாம். திரும்பக் கூட்டாமல் இருந்தால் சரி. மெல்லக் கசியும் மாத்திரையை உடைத்தோ மென்றோ சாப்பிடக் கூடாது, முழு நாள் மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். திடீரென்று நிறுத்தப்பட்டதால் சில நோயாளிகள் தற்கொலை எண்ணம் வரை போனதைச் சுட்டி 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவர்களையே எச்சரித்தது.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

அளவு மீறிவிட்டது என்பதற்கு மூன்று அடையாளங்கள்: உலுக்கினாலும் எழவில்லை, கண்மணி ஊசிமுனை, மூச்சு மிக மெதுவாக அல்லது குறட்டைபோல் கரகரப்பாக. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். "நல்லாத் தூங்குறான்" என்று விட்டுவிடுவதால்தான் பல உயிர்கள் போகின்றன. 108ஐ அழையுங்கள், வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீர் ஊற்றுவது, உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது எல்லாம் வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். நலாக்சோன் ஊசி போட்டால் சில நிமிடங்களில் கண் விழிப்பார்கள். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். நீண்ட நேரம் தங்கும் மாத்திரையென்றால் மறுபடி மயங்குவார்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்றாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் வைத்திருக்கத்தான் வேண்டும்.

மகனைச் சந்தேகித்துச் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை வாங்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண "ஓபியேட்" அட்டை மார்ஃபின், கோடீன், ஹெராயினைத்தான் காட்டும். டிரமடாலும் டேபென்டடாலும் அதில் தெரியாது. அவற்றுக்கென்று தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். அட்டை சுத்தமாக வந்ததை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

மையம் தேர்ந்தெடுக்கும்போது சில கேள்விகள் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? பியூப்ரினார்ஃபின் அல்லது நால்ட்ரெக்ஸோன் தொடர்ந்து தருவார்களா, இல்லை "மனவலிமை" மட்டும்தானா? நோயாளியிடம் பேசவும் பார்க்கவும் விடுவார்களா? இரவில் வேனில் வந்து ஆளைத் தூக்கிப் போகும் இடமென்றால் அது சட்டவிரோதம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் போதை நோயும் அடக்கம். சங்கிலியால் கட்டுவதை அது வெளிப்படையாகத் தடை செய்கிறது. நோயாளியின் சம்மதம் இல்லாத அனுமதிக்கு நிபுணர் பரிசோதனை உட்படக் கறாரான நிபந்தனைகள் வைக்கிறது. போலீஸ் வழக்குக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் ஆளானவர் தானே முன்வந்து சிகிச்சை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதல் சந்திப்பில் சொல்ல வேண்டியவை: எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை மி.கி., எத்தனை மாதமாக, விழுங்கியா ஊசியிலா, கடைசியாக எத்தனை மணிக்கு, கூட மதுவோ தூக்க மாத்திரையோ உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததா. எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவு போதாமல் மூன்றாம் நாளே பழைய மாத்திரையைத் தேட வைக்கும். கடைசி மாத்திரையின் நேரத்தை மாற்றிச் சொன்னால் முதல் நாளே பியூப்ரினார்ஃபின் உதறவைக்கும்.